தர்க்கம் படிக்கலாம், தர்க்கிக்கக் கூடாது!

அமெரிக்காவில் கத்தோலிக்கப் பெற்றோர்களில் ஒரு சாரார் சில பத்து வருஷங்களாகத் தங்கள் பிள்ளைகளுக்குப் "பழைய முறைக் கல்வி" என்பதைத் திரும்பவும் கொண்டுவந்து நடத்தி வருகின்றார்கள். சிறு வயதில் இலக்கணம், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தர்க்கம், ஹைஸ்கூல் வகுப்புகளில் பேச்சுவன்மை, இவற்றுடன் லத்தீன் பாஷை, அரிஸ்டாட்டில், தாமஸ் அக்வினாஸ் முதலானோரின் நூல்கள் ஆகியவைகளே இதன் திட்டமாகும். மதம் கல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தேசத்தில் நடந்தாலும், எங்கே இழுத்துப் போகின்றது என்று பார்ப்பது பகுத்தறிவுக்காரர்களின் கடமையாதலால் இதைப் பற்றி எழுதுகின்றோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஏசு சபைப் பாதிரிமார்கள் 1548-ல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தில் கல்லூரி வைத்து, 1599-ல் தங்கள் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான கல்வித் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். படிப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. ஏழை என்றோ தாழ்ந்த குடியில் பிறந்தவன் என்றோ எவனையும் தள்ளக்கூடாது என்பதும் அத்திட்டத்தின் விதி. பெண்மக்களுக்கு அங்கு இடமில்லை என்றாலும், அந்தக் காலத்திற்கு இது பெரிய காரியம் என்பதை மறைக்க நாம் தயாராயில்லை.

ஆனால் அதே சபையார் நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பார்ப்பன சந்நியாசியைப் போல் வேஷம் பூண்டு, பரதவக் கிறிஸ்தவர்களோடு கலவாமல் தனித்து வாழ்ந்தார். மதம் மாறிய மேல்ஜாதியார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமென்று 1623-ல் போப்பும் அனுமதி கொடுத்தார். ஐரோப்பாவில் பிறப்பைப் பாராதே என்ற விதி, மதுரைக்கு வந்ததும் பூணூலுக்கு வழிவிட்டுவிட்டது!

நிற்க. அத்திட்டத்தின் உள்ளே நுழைந்து பார்ப்போம். பிள்ளைகள் பள்ளியில் தாய்ப்பாஷையை விட்டு லத்தீனில் பேசவேண்டும். தத்துவ உபாத்தியாயர் முக்கியமான விஷயங்களில் அரிஸ்டாட்டிலை விட்டு விலகக்கூடாது. மதத்திற்கு மாறானால் விலகலாம். மேல் வகுப்பு உபாத்தியாயர்கள் மேலதிகாரியைக் கேளாமல் முக்கிய விஷயங்களில் புதிய கேள்விகளைக் கிளப்பக்கூடாது. மதத்திற்கு ஆபத்தில்லாத விஷயமானாலும் இதே கட்டளைதான். புதுக் கேள்விக்கே உத்தரவு வேண்டுமானால், மாணவன் கற்ற தர்க்கம் எதற்கு? கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்து, உறையிலிருந்து எடுக்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பூமி சூரியனைச் சுற்றுகின்றதென்று வாதித்த கலிலியோவை 1633-ல் தண்டித்தார்கள். அவரது புத்தகம் தடை செய்யப்பட்ட நூல்களின் ஜாபிதாவிலிருந்து நீங்க 1835 ஆயிற்று. 1559-ல் போப் வெளியிட்ட அந்த ஜாபிதாவே 1966-ல்தான் ஒழிந்தது. இன்றைய கத்தோலிக்கப் பள்ளிகளில் பூமி சுற்றுகிறதென்றே சொல்லிக் கொடுக்கின்றார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வானத்து விஷயத்தில் தோற்றுப்போன அதிகாரம், வேத விஷயத்தில் மட்டும் தோற்காதென்று நம்பச் சொல்லுவது என்ன தர்க்கம்?

இதில் ஒரு வேடிக்கையுமுண்டு. அந்தப் பாதிரிமார்களின் பள்ளியில் படித்த டெக்கார்ட் எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார் என்றார். அவருடைய நூல்கள் 1663-ல் தடை ஜாபிதாவில் சேர்ந்தன. அவர்களிடமே படித்த வால்டேர், படித்த தர்க்கத்தையும் பேச்சுவன்மையையும் அவர்கள் மதத்தின் மீதே திருப்பினார். அறிவைத் தீட்டிவிட்டால் அது தீட்டினவன் கணக்குப்படி நடக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

ஆகவே, லத்தீன் படிக்க வேண்டாமென்றோ அரிஸ்டாட்டிலைக் கொளுத்த வேண்டுமென்றோ நாம் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பனாரும் தாயாரும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்கின்றோம். "இங்கே கற்பிக்கும் தர்க்கத்தைக் கொண்டு, இங்கே வணங்கும் தெய்வத்தையும் பரிசோதிக்க என் பிள்ளைக்கு உரிமையுண்டா?" பாதிரியார் பள்ளியானாலும், வேத பாடசாலையானாலும், மதரஸாவானாலும் இதே கேள்விதான். நாளைக்கு நாமே ஒரு பள்ளிக்கூடம் வைத்து, நமது கொள்கையைக் கேள்வி கேட்ட பையனை வாயை மூடச் சொன்னால், அன்றைக்கு நம்மிடமும் இதையே கேளுங்கள். பதில் சொல்ல நாணுகின்ற பள்ளி எதுவோ, அது பள்ளியல்ல, கோயில்தான்.