கைதட்டியவர்கள் நாம்தான்

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கால்பந்து ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் பதினேழாவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கராய் மீது மோதி விழுந்தார். எழுந்து மேலும் கால் மணி நேரம் ஆடினார். நடுவில் நடுவர் நிக்கோலா ரிஸ்ஸோலியிடம் போய், இதுதான் இறுதி ஆட்டமா என்று கேட்டார். நடுவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் ஜெர்மன் வீரர்களிடம் சொன்ன பிறகே, 31ஆவது நிமிடத்தில் கிராமரை வெளியே அழைத்தார்கள். மரக்கானா மைதானத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். தூக்கத்தைத் தொலைத்துத் தொலைக்காட்சி முன்னால் நாமும் உட்கார்ந்திருந்தோம். மூளை கலங்கிப்போன ஒருவர் நம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தார் என்று நமக்கு உறைக்கவில்லை. பின்னாளில் அதை வினாடிவினாக் கேள்வியாக்கினோம்.

அதற்கும் முந்தைய படம் ஒன்று நம்மில் பலருக்கு மனப்பாடம். 1989 செப்டம்பர், ஸ்டாக்ஹோம். ஸ்வீடனுக்கு எதிராக இங்கிலாந்தின் டெர்ரி புட்சர். நெற்றி கிழிந்து, தையல் போட்டு, தலையில் கட்டுடன் திரும்பி வந்து வரும் பந்தையெல்லாம் தலையாலேயே முட்டித் தள்ளினார். ஆட்டம் முடியும்போது வெள்ளைச் சட்டை சிவப்பாகியிருந்தது. அந்தப் படத்தை வீரத்தின் இலக்கணமாக எத்தனை பத்திரிகையில் போட்டோம், எத்தனை பையன்களுக்குக் காட்டி, ‘இவன்தான்டா டிஃபென்டர்’ என்று சொன்னோம்! கட்டுப்போட்ட தலையால் முட்டினால் அந்தத் தலைக்குள் என்ன ஆகும் என்று கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை.

தலையால் முட்டுவதைத் தடை செய்யலாமா என்ற விவாதம் இப்போது சூடுபிடித்திருக்கிறது. அதில் வாய் திறப்பதற்கு முன் நம் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. நாம் என்றால் பார்ப்பவர்கள், எழுதுபவர்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், அந்தப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிறவர்கள்.

ஜெஃப் ஆஸ்டில் என்ற பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நிலக்கரிச் சுரங்க ஊரான ஈஸ்ட்வுட்டில் பிறந்தவர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்காக 361 ஆட்டங்களில் 174 கோல் போட்டவர். தலையால் முட்டுவதில் அந்தக் காலத்து இங்கிலாந்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. (வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அழியாப் புகழ் தேடித்தந்த 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்ட கோல், இடது காலால் அடித்தது.) ஆட்டத்தை விட்ட பிறகு ஜன்னல் துடைக்கும் தொழில் செய்து பிழைத்தார். ஐம்பது வயதுகளிலேயே நினைவு கழன்றது. தான் கால்பந்து ஆடியவன் என்பதே கடைசியில் அவருக்குத் தெரியவில்லை. 2002 ஜனவரியில், 59 வயதில் இறந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ ஹெய்க் தீர்ப்புச் சொன்னார்: இது தொழில்வழி நோயால் நேர்ந்த மரணம். ஆஸ்டிலின் மூளை குத்துச்சண்டை வீரரின் மூளை போலச் சேதமடைந்திருந்ததாக அவர் முன் மருத்துவச் சாட்சியம் வந்திருந்தது. ஈஸ்ட்வுட்காரர்களுக்கு ‘தொழில்வழி நோய்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நிலக்கரித் தூசு சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைத் தின்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். பந்தும் அப்படி ஒரு மனிதனைத் தின்றிருக்கிறது என்று சட்டப்படி ஒருவர் சொல்லிவிட்டார். எந்தத் தொழிற்சாலையிலாவது இப்படி ஒரு தீர்ப்பு வந்திருந்தால் மறுநாளே தொழிற்சங்கம் வாசலில் நின்றிருக்கும். கால்பந்தில் அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஆட்டம் நடந்தது. நாமும் வழக்கம்போலப் பார்த்தோம்.

அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்து கால்பந்துச் சங்கமும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து பத்தாண்டு ஆய்வு நடத்தப்போவதாக அறிவித்திருந்தன. இளம் வீரர்கள் முப்பது பேரைத் தொடர்ந்து கவனிப்பதாகத் திட்டம். பத்தாண்டு போயிற்று. ஒரு முடிவும் வெளியே வரவில்லை. ஓர் ஆட்டக்காரரை எந்த அணி என்ன விலைக்கு வாங்கப்போகிறது என்று மணிக்கொரு தரம் துப்புத் துலக்குகிற நம் பத்திரிகை உலகம், அந்த ஆய்வு என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டுக்கொண்டே இருந்தவர் ஆஸ்டிலின் மகள் டான். அவருடைய குடும்பத்தின் சம்மதத்தோடு 2014இல் கிளாஸ்கோ மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அந்த மூளையை மறுபடி ஆராய்ந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு என்று உறுதியானது. இறந்த பிறகு மூளையை அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இந்த நோயை உறுதியாகச் சொல்ல முடியும். மூளை திரவத்தில் மிதக்கிறது. பந்து நெற்றியில் படும்போது மண்டையோடு சட்டென்று நிற்கும், உள்ளே இருப்பது உடனே நிற்காது. மயக்கம் வராத, வலிகூடத் தெரியாத அந்தச் சின்னச் சின்ன உலுக்கல்கள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது டாவ் என்ற புரதம் மூளை மடிப்புகளின் அடியில் படிந்து நரம்பணுக்களைக் கொல்கிறது.

செய்தி வந்தபோதெல்லாம் நம்மிடம் ஒரு சாக்கு தயாராக இருந்தது: அது அந்தக் காலத்துத் தோல் பந்து, மழையில் ஊறிக் கல்லாகிவிடும், இப்போதைய பந்து பூ மாதிரி. இது பாதி உண்மை. தோல் பந்து தண்ணீர் குடித்தது நிஜம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது பந்தின் எடை 410இலிருந்து 450 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 1937 முதல் மாறவில்லை. இன்றைய பந்து நனைவதில்லை, ஆனால் இன்னும் வேகமாக வருகிறது. மழைக்கால இங்கிலாந்தின் சங்கதி மட்டும்தானா இது? 1958இல் உலகக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய பிரேசில் கேப்டன் பெல்லினி 2014இல் இறந்தார். அல்சைமர் என்று நினைத்திருந்த அவருடைய மூளையிலும் சி.டி.இ. இருந்தது. மரக்கானாவுக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது.

2019 அக்டோபரில் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. ஸ்டூவர்ட்டின் குழு ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் ஆவணங்களை, பொதுமக்களில் 23,028 பேரின் ஆவணங்களோடு ஒப்பிட்டது. மூளை நரம்புச் சிதைவு நோயால் சாவது ஆட்டக்காரர்களில் மூன்றரை மடங்கு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தவர்கள் அவர்களில் குறைவு. மூளை நோயை முதன்மைக் காரணமாகக் கொண்ட மரணங்கள் ஆட்டக்காரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். ஆடிய எல்லோருக்கும் வருவதில்லை. கால்பந்து உடம்புக்கு நல்லது என்பதும் பொய்யில்லை. ஆனால் 2021இல் அதே குழு ஆட்டக்காரர்களை இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. டிஃபென்டர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. கோல்கீப்பருக்குப் பொதுமக்களைப் போலத்தான். ஒரே மைதானம், ஒரே உணவு, ஒரே குளிர், ஒரே பயிற்சி முகாம். கோல்கீப்பர் கையால் பிடிக்கிறார், டிஃபென்டர் தலையால் முட்டுகிறார். ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் தலை மோதிக்கொள்வதும் காரணமாகலாம், இது முழு நிரூபணம் ஆகாது என்று வாதிடலாம்தான். சிகரெட் கம்பெனிகளும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாதிட்டன.

1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், ஜாக் சார்ல்டன், நாபி ஸ்டைல்ஸ் நால்வரும் நினைவிழப்பு நோயோடு இறந்தார்கள். பிறகு பாபி சார்ல்டனும். பதினோரு பேரில் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் நாம் எழுதிய அஞ்சலிக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். கோல்களைப் பற்றிப் பத்திபத்தியாக இருக்கும், நோயைப் பற்றி அரை வரி.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நாம் செய்த பெரிய தப்பு, கேள்வியையே கோணலாக்கியது. ‘ஹெட்டரைத் தடை செய்யலாமா, கூடாதா?’ என்று பட்டிமன்றம் நடத்தினோம். உடனே 1998 இறுதி ஆட்டத்தில் ஜிதேன் தலையால் போட்ட இரண்டு கோல்கள், 2014இல் ஸ்பெயினுக்கு எதிராக வான் பெர்சி பாய்ந்து முட்டியது, லிஸ்பனில் 93ஆவது நிமிடத்தில் ராமோஸ் என்று வரிசையாக அடுக்கி, இதையெல்லாம் இழப்பதா என்று உருகினோம். தடை வந்தால் கால்பந்தே செத்தது என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. முழுத் தடை பற்றி முடிவாகும்வரை எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற வசதி அதில் நமக்குக் கிடைத்தது. ஆனால் ஓர் ஆட்டக்காரர் வாழ்நாளில் முட்டும் பந்துகளில் பெரும்பகுதி ஆட்டத்தில் வருவதில்லை, பயிற்சியில் வருகிறது. கார்னர் பயிற்சி என்று ஒரே கிராஸைத் திரும்பத் திரும்ப அடித்து, ஒரே ஆளை முட்டச் சொல்லும் அந்த அரை மணி நேரத்தை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை. அதைக் குறைத்தால் ரசிகனுக்கு ஒரு கோல்கூட நஷ்டமில்லை.

குறைத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம், பெற்றோர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2015இல் பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் முட்டுவதையே நிறுத்தியது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் பதினொரு வயதுவரை பயிற்சியில் வேண்டாம் என்றன. 2021இல் இங்கிலாந்து, பெரியவர்களுக்கும் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து பலமான ஹெட்டர் போதும் என்று வழிகாட்டியது. ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் கூடாது என்று 2022இல் ஸ்காட்லாந்து சேர்த்தது. இப்போது இங்கிலாந்தில் சிறுவர் ஆட்டங்களிலேயே, ஏழு வயதுப் பிரிவில் தொடங்கிப் படிப்படியாகப் பதினொன்று வரை, வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அங்கே கால்பந்து செத்துவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம். கோடைமுகாம் நடக்கும் மைதானம் எதற்காவது காலையில் போய் நின்று பாருங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கோச் பந்தைத் தூக்கிப் போடுகிறார். பிள்ளை முட்டிவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டால் திட்டு, மறுபடி முட்ட வேண்டும். பந்து பெரும்பாலும் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து, காற்றும் கல் மாதிரி அடைத்திருக்கும். கிளப்பில் இருப்பது அதுதான். இன்னொரு மூலையில் கம்பத்திலிருந்து கயிற்றில் ஒரு பந்து தொங்கும், தனியாக முட்டிப் பழக. அந்த வயதில் தலை உடம்புக்குப் பெரிது, கழுத்துக்கு வலு வந்திருக்காது. இயல்பான பயத்தில் கண்ணை மூடுகிற பிள்ளையைக் கோழை என்றவர்கள் நாம்தான். எந்தச் சங்கத்தின் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் இதை என்றைக்கோ நிறுத்தியிருக்கலாம். வாடகை டர்ஃபில் ஐவர் ஆட்டம் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். பந்து தலைக்கு மேல் எழும்புவதே அபூர்வம். ஆட்டத்தின் சுகத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பெண்களை இன்னும் மோசமாக மறந்தோம். ஸ்காட்லாந்து ஆய்வில் இருந்தது ஆண்கள் மட்டுமே. பெண் வீரர்களுக்குத் தலைக்காயத்தால் மூளை அதிர்ச்சி ஏற்படும் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் சொல்லிவருகின்றன. 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் கோப்பையைத் தமிழ்நாட்டுக்கு வென்று தந்தவர்களைப் பாராட்டி மாலை போட்டோம். அவர்கள் தலையில் அடிபட்டு விழுந்தால் ஓரத்தில் நின்று பார்த்துச் சொல்ல, பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்கிறாரா என்று விசாரித்தோமா?

பணத்தையும் பேசிவிடுவோம். நோயுற்ற முன்னாள் ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்கு உதவ 2023இல் பிரீமியர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் தொடங்கிய நிதியின் ஆரம்பத் தொகை பத்து லட்சம் பவுண்டு. அதே ஆண்டு பிரீமியர் லீக் பிரிட்டனுக்குள் மட்டும் நான்கு பருவங்களுக்கு விற்ற ஒளிபரப்பு உரிமை 670 கோடி பவுண்டு. அந்த உரிமைக்கு விலை வருவது பார்ப்பவர்களால். நாமும் பார்க்கிறோம், நம் சந்தாவும் வேறு கணக்கில் அங்கேதான் போகிறது.

பெரியவர்களின் ஆட்டத்தில் ஹெட்டரை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. வளர்ந்த ஆள், ஆபத்து இன்னதென்று மறைக்காமல் சொல்லப்பட்ட பிறகு, தெரிந்தே முட்டினால் அது அவர் முடிவு. ஆனால் நோய் வந்தால் செலவு அந்த விளையாட்டினுடையதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அப்படி முடிவெடுக்கத் தெரியாது. அங்கே தடைதான் சரி, பயிற்சியிலும் ஆட்டத்திலும்.

ஆகவே பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்களே, கோச்சிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். என் பிள்ளை தலையால் முட்ட வேண்டியிருக்குமா? தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டத்திலிருந்து வெளியே உட்கார வைப்பீர்களா? முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்று வராவிட்டால் வேறு கோச்சைத் தேடுங்கள்.