எந்த இயக்கம் என்று கேட்பவர்களுக்கு

ஈழப்போர் நாவல்கள் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை என்னும் சாக்கு செல்லாக்காசாகி ஆண்டுகள் பலவாயின. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போயின. ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்கவென்று 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' தளம் இன்று எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. விளாத்திகுளத்தில் இருந்தபடியே, கோவில்பட்டிக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறாமல், கோவிந்தனின் 'புதியதோர் உலக'த்தை வாசித்துவிடலாம்.

வாசிக்கிறோமா? இறக்கிச் சேமிக்கிறோம், அவ்வளவுதான். தப்பித்தவறி யாரேனும் வாசித்துவிட்டுப் பேச வந்தால், நம் தமிழ்த்துறை நண்பர்கள் முதலில் கேட்பது, "எழுதியவர் எந்த இயக்கம்?" என்பதே. விடை கிடைத்ததும் நூலை மூடிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "இது வாக்குமூலம், நாவல் அன்று" என்று தள்ளிவிடுகிறார்கள். இவ்விரண்டும் வாசிக்காமல் தப்பிக்கும் வழிகள் என்பதே நமது துணிபு.

'புதியதோர் உலகம்' 1985 இல் வெளிவந்தது. கோவிந்தன் என்பது புனைபெயர். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தில் இருந்து, அதன் உட்கொலைகளையும் சித்திரவதைகளையும் கண்டு வெளியேறியவர் அவர். அந்த நாவலில் வரும் பயிற்சி முகாம்கள் வன்னியில் இருந்தவை அல்ல, தமிழ்நாட்டில் இருந்தவை. நம் மண்ணில், நம் வயல்வெளிக்கு அப்பால் நடந்தவற்றை அவர்தான் எழுதினார். நம் எழுத்தாளர் எவரும் அப்போது எழுதியதாகத் தெரியவில்லை. 1991 இல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை. எந்த இயக்கம் என்று கேட்பவர்கள் இப்போது அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவார்கள்? ஓர் இயக்கத்திடமிருந்து தப்பி எழுதியவரை மற்றோர் இயக்கம் கொண்டுபோயிற்று.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்ஸில் அடைக்கலம் கோரும் ஒருவனின் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. தன் வாழ்வை ஓர் அதிகாரி நம்பும்படி சொன்னால்தான் அவனுக்கு இருக்க இடம் கிடைக்கும். மெய்யையும் புனைவையும் பிரிக்க முடியாமல் அந்நாவல் பின்னியிருப்பதற்குக் காரணம் கலைச் சேட்டை அன்று. அகதிக்கு வாய்த்த மொழியே அப்படித்தான் இருக்கிறது. "உண்மையிலேயே நடந்ததா?" என்று புருவம் உயர்த்தும் நம் பேராசிரியர், தாமறியாமலே அந்த அதிகாரியின் நாற்காலியில் போய் அமர்ந்துகொள்கிறார். ரெமார்க் போர்முனையையே பார்த்ததில்லை என்று புரளி கிளப்பியவர்களும் இருந்தார்கள்தாம். 1933 இல் அவருடைய நாவலைத் தீயிலிட்ட நாஜிகள் அவர்கள்.

இணையம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சில் கிடைக்காத பழைய நூலை மின்னூலகத்தில் வாசிப்பது வேறு. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' (2014), சயந்தனின் 'ஆதிரை' (2015) போன்ற அண்மை நூல்களைத் திருட்டுப் படியெடுத்துக் கைமாற்றுவது வேறு. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் எழுத்துக்குக்கூட விலை தர மனமில்லாதவர்கள் தொப்புள்கொடி உறவு பற்றி மேடையில் முழங்குவதைக் கேட்கச் சகிக்கவில்லை.

எட்டயபுரத்துக்கு அருகில் தாப்பாத்தியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம் வட்டாரக் கல்லூரிகளுக்கும் வருகிறார்கள். சங்கப் புறத்திணையில் வெட்சி முதல் வாகை வரை ஒப்பிக்கச் செய்து மதிப்பெண் போடுகிறோம். அவர்களுடைய பெற்றோர் கடந்து வந்த போரைப் பற்றிய ஒரு நாவலேனும் பாடத்தில் இல்லை. அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் 'புதியதோர் உலகம்' என்னும் பெயரை யாராவது முன்மொழியட்டும். நூல் கிடைக்கவில்லை என்ற காரணம் இனி இல்லை. வேறென்ன சொல்வார்கள் என்று பார்ப்போம்.