புல்லுக்கு அடியில் ஓர் ஊர்

ஆங்கிலக் கவிதை வகுப்பில் அமர்ந்தவர் எல்லோரும் ஒரு காட்சியை அறிவர். பசும்புல் போர்த்த மேடு, அதன்மேல் மேயும் செம்மறியாடுகள், பள்ளத்தில் ஒரு பழைய தேவாலயம். அமைதி, தூய்மை, இயற்கை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். தேர்விலும் அவற்றையே எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் அந்தப் பசுமை எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே இன்று என் கருத்து. அதற்கு ஒரே ஒரு சிற்றூரைச் சான்றாகக் கூறுகிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க் நகருக்கு வடகிழக்கே, வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் உள்ளன. அவற்றினிடையே வார்ரம் பெர்ஸி என்று ஓர் ஊர். ஊர் என்றேன், ஊரார் ஒருவரும் இல்லை. கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயம், ஒரு குளம், பிற்காலத்துக் குடியிருப்பு வரிசை ஒன்று, இவ்வளவே எஞ்சி நிற்கின்றன. மற்றதெல்லாம் புல். ஆனால் அந்தப் புல்தரை சமமாக இல்லை. வெயில் சாய்ந்து விழும் வேளையில் வானத்திலிருந்து எடுத்த நிழற்படங்களைப் பார்த்தேன். தெரு தெரிகிறது, தெருவின் இருபுறமும் வரிசையாக வீட்டு மனைகள் தெரிகின்றன. புல் ஒரு போர்வை போல ஊரை மூடியிருக்கிறது, அவ்வளவே.

1086-ஆம் ஆண்டு வில்லியம் மன்னன் எடுத்த பெருங்கணக்கிலேயே இவ்வூரின் பெயர் உண்டு. பின்னர்ப் பெர்ஸி குடும்பத்தார் இதன் உடைமையாளர் ஆயினர். அவர்கள் பெயரே ஊர்ப்பெயரின் பிற்பகுதி. 1349-இல் பெருங்கொள்ளைநோய் வந்தது. 'அந்த நோயால் அழிந்த ஊர்' என்று நெடுங்காலம் எளிதாகச் சொல்லி வந்தார்கள். சொல்வதற்கு வசதியான காரணம் அது. நோய்க்கு யார் பொறுப்பு? எவரும் இல்லை. ஆனால் ஏடுகள் வேறு கதை சொல்லுகின்றன. நோய் வந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும், 1368-இல், ஏறத்தாழ 30 வீடுகளில் மக்கள் குடியிருந்தனர். பக்கத்து ஊரான வார்ரம்-லி-ஸ்ட்ரீட் இன்றும் வாழ்கிறது. ஒரே மண், ஒரே மழை, அதே நோய். ஒன்று பிழைத்தது, மற்றொன்று மாய்ந்தது. ஏன்?

விடை கம்பளியில் இருக்கிறது. தானியத்தைவிடக் கம்பளி இலாபம் தந்த காலம் அது. உழவுக்குப் பல கைகள் வேண்டும். ஆட்டு மந்தைக்கு ஓர் இடையன் போதும். அக்காலத்தில் ஊர் ஹில்டன் பிரபுவின் கையில் இருந்தது. 1517-இல் அரசாங்கம் நடத்திய விசாரணையில், இங்கு நான்கு ஏர்கள் நின்றுபோயின, நான்கு வீடுகள் வீழ்ந்தன என்று பதிவாயிற்று. 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. உழுத நிலமெல்லாம் மேய்ச்சல் நிலமாயிற்று. ஆட்டுக்காக மனிதரை விரட்டும் இந்த அநீதியைத்தான் தாமஸ் மோர், 1516-இல் வெளிவந்த 'யுடோப்பியா'வில் கண்டித்தார்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழி முழுவதையும் ஆட்டின்மேல் போடுவதும் தவறு. நோயில் ஆட்கள் குறைந்தபின் கூலி உயர்ந்தது. நல்ல நிலம் தேடிப் பலர் தாமாகவே புறப்பட்டனர். ஊர் ஒரே நாளில் அழியவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆனால் தேய்ந்துகொண்டிருந்த ஊரைத் தேற்றுவதா, துடைத்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, விடை சொன்னவர் அங்குக் குடியிருந்தவர் அல்லர், உடைமையாளர். இதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

இந்தக் கதையை ஓரளவு தேவாலயச் சுவரே சொல்லும். மக்கள் பெருகிய நாளில் இருபக்கமும் விரித்துக் கட்டினார்கள். மக்கள் குறைந்த நாளில் அப்பக்கப் பகுதிகளை இடித்து, வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அடைபட்ட வளைவுகளை இன்றும் காணலாம். ஊர் போனபின்னும் அண்டைச் சிற்றூரான திக்ஸெண்டேல் மக்கள் குன்று கடந்து இங்கேதான் வந்து வழிபட்டனர். 1870-இல் அவர்களுக்குத் தனிக்கோயில் எழுந்தது. இங்குக் கடைசி வழிபாடு 1949-இல் நடந்தது. பத்து ஆண்டுகளில் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? மாணவ நண்பர்கள் இங்கே சற்று நின்று படிக்க வேண்டும். 1950-இல் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு என்ற லீட்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் மண்வெட்டியோடு இங்கு வந்தார். அவர் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அல்லர். பொருளாதார வரலாறு கற்பித்தவர். 1952-இல் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியல் அறிஞர் அவரோடு சேர்ந்தார். அன்று தொடங்கி 1990 வரை, ஒவ்வொரு கோடையிலும் சில வாரங்கள் இங்கே அகழ்வு நடந்தது. தோண்டியவர்களில் மிகப் பலர் ஊதியமில்லாத தொண்டர்கள். அவர்களுள் மாணவர் ஏராளம். பொன்னையும் மணிமுடியையும் தேடி அவர்கள் வரவில்லை. ஓர் உழவனின் அடுப்பையும் வாசற்படியையும் தேடி நாற்பது ஆண்டுகள் உழைத்தார்கள். இங்கிலாந்தில் இப்படி மறைந்த இடைக்கால ஊர்கள் 3,000-க்கும் மேல் என்பது இன்று ஆராய்ச்சியாளர் கணக்கு.

கிடைத்தவை என்ன? முதலில், உழவர் வீடுகள் ஒரு தலைமுறைக்குமேல் நில்லாத குடிசைகள் என்றே அறிஞர்கள் எண்ணினார்கள். பின்னர் அந்த எண்ணம் மாறியது. சுவர்தான் அடிக்கடி புதுப்பிக்கப்பட்டது. கூரையைத் தாங்கியவை, எதிரெதிரே நிறுத்தி உச்சியில் பிணைத்த வலிய வளைமரங்கள். வீடு உறுதியானது, நம் மதிப்பீடுதான் வலுவற்றது! ஏழையின் வீடு என்றதும் 'குடிசை' என்று எழுதிவிடும் படித்தவர் பழக்கத்திற்கு இது ஒரு நல்ல பாடம்.

இடுகாட்டில் ஏறத்தாழ 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. தலையில் கொடிய அடிபட்ட ஒருவனுக்கு மண்டையோட்டை அறுத்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். எலும்பு ஆறியிருப்பதால் அவன் பிழைத்து வாழ்ந்தான் என்று தெரிகிறது. மற்றொரு செய்தி நெஞ்சைச் சுடுகிறது. இவ்வூரின் பதினான்கு வயதுப் பிள்ளையின் உயரம் இன்றைய பத்து வயதுப் பிள்ளையின் உயரந்தான். பசுமையான அந்தப் பழைய கிராமத்தில் பசியும் இருந்தது. ஆகவே, ஊரைச் சொர்க்கமாக்கிப் புலம்புவதும் நம் வேலையன்று. உள்ளதை உள்ளபடி அறிவதே வேலை.

'கம்பளியால் அன்றோ இங்கிலாந்து செழித்தது? நான்கு வீடுகளுக்காக ஏன் இத்தனை கவலை?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். செழித்தது உண்மை. ஆனால் வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்கைக் கணக்கென்று யார் ஒப்புவார்? அந்த நான்கு வீடுகளே செலவுப் பக்கம். விற்றவன் பெயர் ஏட்டில் இருக்கிறது. வெளியேறியவன் பெயர் இல்லை. அவனுக்குச் சாட்சி சொல்ல மண் ஒன்றுதான் மிஞ்சியது.

மரபுச் செல்வம் என்றதும் அரண்மனை, கோட்டை, கோபுரம் என்றே நம் மனம் ஓடுகிறது. நிற்பதைப் போற்றுகிறோம், வீழ்ந்ததை மறக்கிறோம். உழுதவன் வாழ்ந்த மனையும் மரபுச் செல்வமே என்பதை அந்த நாற்பது கோடைகள் மெய்ப்பித்திருக்கின்றன. வகுப்பில் அந்தப் புல்வெளிக் கவிதை மீண்டும் வரும். அதன் அழகை நாம் சுவைப்போம். ஆனால் சுவைத்தபின், 'இங்கு முன்பு யார் குடியிருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள்?' என்று எழுந்து ஒரு கேள்வி கேட்போம். விடுமுறைக்கு நாம் ஊர் திரும்பும் நெடிய இரயில் பயணத்தில் சன்னலுக்கு வெளியே எத்தனையோ புல்மேடுகள் கடந்து செல்கின்றன. அவற்றைக் காணும்போதும் அதே கேள்வி நினைவுக்கு வரட்டும்.