மாமி தந்த இரண்டு கெப்சூல்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம், ஏழாம் தரத்தில் ஒரு பிள்ளை கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்து கடதாசியில் சுற்றிய இரண்டு கெப்சூலை எடுத்தது. "என்ன மகள் இது?" என்று கேட்டேன். "தடிமல் சேர். பக்கத்து வீட்டு மாமி தந்தாங்க. அவங்கட தொண்ட நோவுக்கு டொக்டர் குடுத்ததாம், மிச்சம் இருந்திச்சாம்." வாங்கிப் பார்த்தேன். அமொக்சிசிலின்.

மாமியைக் குறை சொல்ல வரவில்லை. அன்பில் கொடுத்திருக்கிறா. என் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு அரைவாசி அட்டை கிடந்ததுதான். கறி கொடுத்து வாங்கிப் பழகிய ஊர் நாம். மருந்தையும் அப்படியே கொடுத்துப் பழகிவிட்டோம்.

ஆனால் அந்த இரண்டு கெப்சூலில் மூன்று பிழை இருக்கிறது.

ஒன்று, தடிமல் வைரஸால் வருவது. அமொக்சிசிலின் கொல்வது பக்டீரியாவை. தடிமலுக்கும் டெங்குவுக்கும் அது ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்கு அதைக் குடித்துவிட்டு "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்தால், இரத்தம் சோதிக்க வேண்டிய நாள் வீணாகப் போய்விடும்.

இரண்டு, மாமி தன் மருந்தை முடிக்கவில்லை. சுகம் வந்ததும் நிறுத்திவிட்டா. எத்தனை நாள் என்பதை டொக்டர் தீர்மானிக்க வேண்டும். நாமாகக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது.

மூன்று, அமொக்சிசிலின் பெனிசிலின் குடும்பத்து மருந்து. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சு முட்டுதல் என்று வரலாம். அப்படி வந்தால் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒக்மென்டின் என்று பெட்டியில் இருந்தாலும் உள்ளே இருப்பது இதே அமொக்சிசிலின்தான், இன்னொரு மருந்தும் சேர்ந்து. ஆகவே பெனிசிலின் ஒவ்வாதவர்கள் கம்பனிப் பெயரை நம்பாமல், எங்கு மருந்து எடுத்தாலும் இதை முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நோன்பு காலம். நம்மூரில் இதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அமொக்சிசிலின் பெரும்பாலும் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. நோன்போ 13 மணித்தியாலத்துக்கு மேல். நாம் என்ன செய்கிறோம்? ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறக்க ஒன்று, பகல் வேளையை விட்டுவிடுகிறோம். சிலர் விட்ட வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடுகிறார்கள். இரண்டும் பிழை. "நான் நோன்பு" என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டு வேளையாக எடுக்கக்கூடிய முறையோ வேறு மருந்தோ இருந்தால் அவர் மாற்றித் தருவார். அதற்கு வழியில்லை என்றால், நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்க சூரா அல்-பகராவின் 185ஆம் வசனத்திலேயே சலுகை இருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை எடுக்க நமக்கு என்ன வெட்கம்?

"சேர், டொக்டருக்கும் காசு, மருந்துக்கும் காசு, நாட்கூலிக்குப் போறவன் என்ன செய்யிற?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. 2022இல் மருந்துக்கு நாம் பட்ட பாடும் மறக்கவில்லை. பாமசியில் நாலு கெப்சூல் மட்டும் வாங்குவது ஆசையில் அல்ல, கையில் காசு இல்லாமல்தான். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியில் பார்ப்பதும் இலவசம், மருந்தும் இலவசம். வரிசையில் நிற்பது கஷ்டம்தான், ஆனாலும் நாலு கெப்சூலுக்குக் கொடுக்கிற காசு நட்டம்.

பாமசி வைத்திருக்கிற சகோதரர்களுக்கும் ஒன்று. டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்பது சட்டப்படி பிழை. நீங்கள் ஒருவர் மறுத்தால் அவர் அடுத்த கடைக்குப் போவார். எல்லோரும் சேர்ந்து மறுத்தால்தான் ஊர் திருந்தும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதை எச்சரித்தார். இந்த மருந்தைக் கடையில் யாரும் வாங்கலாம் என்ற காலம் வரும், அப்போது விபரம் தெரியாதவர்கள் குறைவாக எடுத்துக் கிருமியைப் பலப்படுத்திவிடுவார்கள் என்றார். அந்தக் காலம் வந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் மட்டும் 2019இல் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப் பலப்பட்ட கிருமி மருந்தைப் பிழையாகக் குடித்தவரோடு நிற்காது. ஒரு குற்றமும் செய்யாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும். அதனால்தான் இதை அமானிதம் என்கிறேன். நம் அலமாரியில் இருந்தாலும் அது ஊருக்கே உரிய மருந்து.

இன்றைக்கு அலமாரியைத் திறந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோய் என்ன செய்வது என்று கேளுங்கள். பிள்ளைகளின் பாணி மருந்தையும் அடுத்த காய்ச்சலுக்கு என்று பிரிட்ஜில் வைக்காதீர்கள். தண்ணீர் கலந்த பிறகு அது ஒன்றிரண்டு கிழமைதான் தாங்கும், போத்தலில் நாள் போட்டிருக்கும்.

அந்தப் பிள்ளையின் உம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். தடிமல் மூன்று நாளில் தானாகவே போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை.