பதினெட்டின் வாசலில் கைவிடப்படும் பிள்ளைகள்

‘பதினெட்டு நிறைந்துவிட்டது, இனி அவளுக்கே எல்லாம் தெரியும்.’ நம் இல்லங்களில் பெருமையோடு சொல்லப்படும் இச்சொல், ஒரு சில பிள்ளைகளின் உயிருக்கே உலை வைத்துவிடுகிறது. உணவுக் கோளாறு எனும் மனநோயால் வாடும் பிள்ளைகளையே குறிப்பிடுகிறோம். உடல் பெருத்துவிடும் என்ற அச்சத்தால் உணவை மறுத்து எலும்பும் தோலுமாகத் தேய்வது அனோரெக்சியா. கட்டுக்கடங்காமல் உண்டு, பின் தாமே வாந்தியெடுத்து வெளியேற்றுவது புலிமியா. மனநோய்களுள் உயிரைப் பறிப்பதில் முன்னிற்பவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று.

‘பசியோடு போராடும் நாட்டில் பட்டினி கிடக்கும் நோயா? அது வெள்ளைக்காரர்களின் நோய்’ என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே உண்டு. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் மனநல மருத்துவர்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அதில் பங்கேற்றோருள் மூன்றில் இரு பங்கினர் இத்தகைய நோயாளியை ஒருவரையேனும் பார்த்ததாகக் கூறினர். 2025 மார்ச்சில் வடகேரளத்தில் கல்லூரி மாணவி ஒருவர் உணவைக் குறைத்துக் குறைத்தே இறந்தார். மருத்துவர்கள் அனோரெக்சியா என்றனர். அவருக்கு வயது பதினெட்டு. நம் ஊர்களிலோ இப்பிள்ளைகளைச் சோகை என்றும், குடற்புண் என்றும், கண்ணேறு என்றும் சொல்லி வீடு வீடாய் அலைக்கழிக்கிறோம்.

பதினெட்டை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? இந்நோய் பெரும்பாலும் பதின்வயதில் தலைகாட்டுகிறது. நீங்குவதற்கோ ஆண்டுகள் பிடிக்கின்றன. வளரிளம் பிள்ளைகளுக்குப் பலன் தருவதாகக் கண்டறியப்பட்ட சிகிச்சை, பெற்றோரையே முன்நிறுத்துவது. தாயும் தந்தையும் உடனமர்ந்து வேளைதோறும் உண்ணச் செய்வதே அதன் அடிப்படை. பிள்ளை பதினெட்டை எட்டியதும் குழந்தைகள் பிரிவு அவளை விடுவிக்கிறது. பெரியவர்களுக்கான பிரிவில் புதிய மருத்துவர், புதிய முறை. பெற்றோர் பெரும்பாலும் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். அதே ஆண்டில்தான் அவள் வீட்டையும் விட்டுப் புறப்படுகிறாள். ஓசூர்ப் பகுதியில் இது கல்லூரி விடுதியாக இருக்கலாம். தொழிற்சாலைப் பெண்கள் விடுதியாகவும் இருக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வருபவள் உண்டாளா, உறங்கினாளா என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்? கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றவள் அதை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனாலும் எவர் கண்ணிலும் படாது.

மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலும் இந்த இடைவெளி உயிரைக் குடித்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் ஹார்ட், பல மாதங்கள் மருத்துவமனையில் தங்கி அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெற்றபின், 2012 செப்டம்பரில் பல்கலைக்கழகம் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று தம் பத்தொன்பதாம் வயதில் இறந்தார். தக்க கவனிப்பு இருந்திருந்தால் அச்சாவு தவிர்க்கப்பட்டிருக்கும் என்று அந்நாட்டுக் குறைதீர்ப்பாளர் 2017இல் அறிக்கை வெளியிட்டார்.

சட்டம் நம்மைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு நிறைந்தவருக்குத் தம் சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் உரிமையைத் தருகிறது, அது நல்லதே. தமக்காகப் பேச நம்பிக்கைக்குரிய ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. தன்னைப் பேணிக்கொள்ள இயலாமல் தன் உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்கு ஒருவர் சென்றால், அந்தப் பிரதிநிதி விண்ணப்பித்து, மருத்துவ வல்லுநர் இருவர் தனித்தனியே ஆய்ந்து உறுதி செய்தால், மருத்துவமனையில் சேர்க்க வழியுண்டு. எவரையும் நியமிக்காதபோது உறவினர் அவ்விடத்துக்கு வரலாம். இதையெல்லாம் ஆபத்து வந்த பிறகு தேடிப் படிப்பதைவிட, பிறந்தநாளுக்கு முன்பே மகளோடு அமர்ந்து பேசிவைப்பது அறிவுடைமை அல்லவா?

எல்லைப்புறத்தில் வாழ்வது நமக்கு இன்னொரு சிக்கல். நிம்ஹான்ஸ் மருத்துவமனை நிற்பதே பெங்களூருவின் ஓசூர் சாலையில்தான். நம்மவர் பலர் அங்கே ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் மாவட்ட மனநலத் திட்டமும், 2022இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இந்தப் பக்கம் உள்ளன. ஒருபுறம் பார்த்த மருத்துவரின் குறிப்பு மறுபுறம் தானாக நடந்து வராது. எடை எவ்வளவு குறைந்தது, இதயத்துடிப்பு எப்போது தளர்ந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் எழுதிய கடிதமொன்று பெற்றோர் கையில் இருந்தாக வேண்டும். பதினேழு வயதிலேயே அதைக் கேட்டு வாங்குவோம். பழைய மருத்துவர் இன்னும் பார்த்துவரும்போதே புதியவரை ஓரிரு முறையேனும் சந்திக்கச் செய்வோம். விடுதிக்குச் செல்வதாயின், மகளின் ஒப்புதலோடு விடுதிக் காப்பாளர் ஒருவருக்கேனும் செய்தியைச் சொல்லிவைப்போம். 14416 எனும் டெலி மானஸ் தொலைபேசி எண்ணையும் கொடுத்தனுப்புவோம்.

இனி நம் பங்குகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். திருச்சபைச் சட்டம் 1252, உண்ணாநோன்பின் கடமையைப் பதினெட்டு நிறைந்தோர்க்கே விதிக்கிறது. மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு கையை விடும் அதே வயதில், நோன்புக்கான அழைப்பு வந்து கதவைத் தட்டுகிறது! நோயாளியான பெண்ணுக்கு இதைவிடத் தோதான மறைவிடம் கிடைக்குமா? உண்ண மறுப்பவள் தவக்காலத்தில் பக்தை எனப் பெயர் பெறுகிறாள். ‘ஒறுத்தலில் நம் பெண்ணுக்கு நிகரில்லை’ என்று அன்பியக் கூட்டத்தில் பாராட்டும் கிடைக்கிறது. 1380இல் தம் 33ஆம் வயதில் இறந்த சியன்னா நகர் கத்தரீனாளின் கடும் நோன்பைப் பிரசங்கங்களில் போற்றுகிறோம். அவருடைய ஆன்மகுருவே அவரை உண்ணும்படி சொன்னார் என்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்? நோயுற்றோரை நோன்பு கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் நெடுநாள் மரபு. காய்ச்சலில் கிடப்பவனுக்குத் தயங்காமல் இம்மரபைச் சொல்லும் நாம், மனத்தால் நோயுற்றவளுக்கு மட்டும் சொல்லாமல் விடுவது ஏன்?

திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறன்று நோன்பு விதிகளைப் படிக்கும் அருட்பணியாளர்கள், உணவுக் கோளாறும் நோயே, அதற்குச் சிகிச்சை பெறுவோருக்கு நோன்புக் கடமை இல்லை என்று இரண்டு வரிகள் சேர்த்துப் படிக்கட்டும். விடுதி நடத்தும் அருள்சகோதரிகளும் அதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும்.