வாக்கு விற்பனைச் சரக்கல்ல, அது சாட்சியம்

 

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களிலும் ஒரு வாதம் தலைதூக்குகிறது. "அவர்கள் கொடுப்பது யாருடைய பணம்? நம்மிடம் கொள்ளையடித்த பணம்தானே! எல்லோரிடமும் வாங்கிக்கொள்வோம், மனத்திற்குப் பிடித்தவருக்கு வாக்களிப்போம்." வட்டிக்கு அஞ்சி வங்கி வாசலில் தயங்கி நிற்பவர்களும், உணவுப் பொட்டலத்தில் ஹலால் முத்திரையைத் தேடிப் பார்ப்பவர்களும்கூட இந்த வாதத்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். இது மார்க்கத்திற்கும் ஒவ்வாதது, அறிவுக்கும் ஒவ்வாதது. அதிலும் அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் வாழ்வோர் வாயில் இந்தச் சொல் வரவே கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வாக்கு என்றால் என்ன? 'மஆரிஃபுல் குர்ஆன்' விரிவுரையை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதனை மூன்றாகப் பகுத்தார்கள். அது சாட்சியம், அது பரிந்துரை, அது பிறருக்குப் பொறுப்பை ஒப்படைத்தல். "இவர் இப்பொறுப்பிற்குத் தகுதியானவர்" என்று அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் சாட்சி சொல்கிறோம். அந்தச் சாட்சியம் நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. நீதிமன்றக் கூண்டில் நிற்கும் சாட்சி, இருதரப்பிடமும் பணம் வாங்கிக்கொண்டு, "ஆயினும் நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றால் அவரை நேர்மையாளர் என்போமா?

"அது லஞ்சமன்று, அன்பளிப்பு" என்பார் சிலர். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது; இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" என்றபோது நபி (ஸல்) அவர்கள் சினமுற்றார்கள். தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அவர் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). அதே கேள்வியை நாமும் கேட்போம். நம் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் அந்த உறை நம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்குமா?

"நம் பணம் நமக்கே திரும்புகிறது" என்பது இன்னொரு சமாதானம். பொதுப்பணம் களவு போயிற்று என்றால் அது ஊரார் அனைவருக்கும் உரியது. களவாடியவனிடம் பங்கு வாங்குவது, உடைமையை மீட்பதாகாது, களவுக்குத் துணைபோவதாகும். தன் நியாயமான உரிமையைப் பெற வேறு வழியே இல்லாதவர், வேறு வழியின்றிக் கொடுப்பதைப் பற்றி அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். உரிமையே இல்லாத ஒன்றை வாங்குவோருக்கு அந்தச் சலுகை எங்கிருந்து வந்தது? நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி.

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. நம் வடசென்னையின் ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 அன்று நடைபெறவிருந்த இடைத்தேர்தலை, பணப்பட்டுவாடாவின் காரணமாகத் தேர்தல் ஆணையம் மூன்று நாட்களுக்கு முன்பு ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்றுதான் மீண்டும் தேர்தல் நடந்தது. அதுவரை அம்மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் இதே காரணத்தால் தேர்தல் ரத்தாயிற்று.

இனி, நம் ஊருக்கு இதில் என்ன சிறப்பு என்பதைச் சொல்கிறேன்.

இஸ்லாம் சந்தைக்கு எதிரியன்று. விலைவாசி உயர்ந்து, விலை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் வேண்டியபோதும் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை (அபூதாவூத், திர்மிதீ). ஆனால் எல்லாவற்றையும் சந்தையிடம் ஒப்படைக்கவும் இல்லை. மஃரிப் என்ற ஊரின் உப்பு வயலை அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்களுக்கு வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றைப் போல அனைவருக்கும் பயன்படக்கூடியது என்று ஒருவர் எடுத்துரைத்தவுடன், வழங்கியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் (அபூதாவூத், திர்மிதீ). இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. ஊருக்குப் பொதுவானதைத் தனியொருவருக்கு எழுதித்தர ஆட்சிக்கு உரிமை இல்லை. அதை ஆட்சியாளரிடம் எடுத்துச் சொல்ல, விலைபோகாத வாய் ஒன்று வேண்டும்.

உப்பளமும் கழியும் ஆறும் கொண்ட நம் மண்ணை இப்போது பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையம் முதல் இரண்டு நிலைகளில் மட்டும் 1,830 மெகாவாட் திறன் கொண்டது. அருகே வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். மாநகரம் விளக்கேற்றுகிறது, சாம்பல் நமக்கு. சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றில் கலந்தது குறித்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைப்புக்கு உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது.

மின்சாரத்திற்கு விலை உண்டு. நிலக்கரிக்கு விலை உண்டு. செப்பாக்கத்துக் குழந்தை சுவாசிக்கும் தூசிக்குச் சந்தையில் விலை இல்லை. கழியில் மீனும் இறாலும் இல்லாமல் திரும்பும் படகிற்கும் விலை இல்லை. விலை இல்லாத இழப்பைச் சந்தை காணாது. அதைக் காண வேண்டியது அரசு. அரசைக் காணச் செய்வது வாக்கு. அந்த வாக்கிற்கும் ஒரு விலை வைத்துவிட்டால் நமக்கென்று பேச என்ன மிஞ்சும்?

ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 காசு. பணம் கொடுத்து வாங்கியவர் கணக்கை முடித்துவிட்டார். நாளை ஆற்றைப் பற்றிக் கேட்டால், "உன் பங்கைத்தான் வாங்கிக்கொண்டாயே" என்பார். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவர் நடத்தை சொல்லும்.

நம் வாக்கு நம்மோடு முடிவதும் இல்லை. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியால் இராயபுரம் பகுதி மக்கள் நெடுங்காலம் துன்புற்றனர். 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றது. அச்சரக்கு எண்ணூர்த் துறைமுகத்திற்கு நகர்ந்தது. இராயபுரத்து மக்கள் கேட்டது நியாயம். ஆனால் தூசி அழியவில்லை, இடம் மாறியது. தன் தெரு சுத்தமானதும் கடமை முடிந்ததென்று எண்ணுபவர், அண்டை வீட்டாரின் உரிமையை மறந்தவராவார்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு சொல். தனிமனிதர் உறை வாங்குவதைக் கண்டிக்கும் நாம், கபரஸ்தான் சுற்றுச்சுவருக்காக மஹல்லாவின் வாக்குகளையே பேரம் பேசுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? ஊர் முழுமைக்கும் பயன்தரும் கோரிக்கையை எல்லா வேட்பாளரிடமும் எழுத்தில் வைப்பது உரிமை. மூடிய அறையில் மொத்த விலை பேசுவது வாணிபம். பள்ளிவாசலின் பெயரால் நடந்தாலும் வாணிபம் வாணிபமே.

"பசித்தவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, நாம் கொடுக்கத் தவறிய ஸகாத்தில் இருக்கிறது. நம் மஹல்லாவின் ஏழை, தேர்தல் உறைக்காகக் காத்திருக்கிறார் என்றால் முதல் குற்றம் வசதி படைத்தவர்களுடையது. அவர் தேவையை பைத்துல்மால் கவனிக்கட்டும்; அதன்பின் அவருக்கு உபதேசிப்போம். ஆனால் உறை வாங்குவோர் எல்லோரும் பசித்தவர்கள் அல்லர் என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே, பணத்தை மறுப்போம். திருக்குர்ஆன் (28:26) காட்டும் இரு அளவுகோல்களான ஆற்றல், நம்பகம் ஆகியவற்றைக் கொண்டே வேட்பாளரை எடைபோடுவோம். அவர் நம் சமுதாயத்தவரா என்பது அதற்குப் பிறகு. வாக்களித்த பின்னும் ஓயாமல் கிராம சபைக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கும் செல்வோம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்காக 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டதை மறக்க வேண்டாம். விலைபோகாத குரலுக்கு வலிமை உண்டு.

தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் உரிமையைப் பறித்ததால் நன்மைகளை எல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரையே மறுமையின் திவாலானவர் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). நாம் விற்ற வாக்கால் மூச்சுத் திணறிய குழந்தையும், வலையை இழந்த மீனவரும் அந்நாளில் நம்மைத் தேடி வந்தால் எதைக் கொடுப்போம்?

அத்தகைய இழிநிலையிலிருந்து நம்மைக் காத்து, அமானிதத்தைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.