ராணி மங்கம்மாள்: 17 வருஷ ஆட்சியைவிட ஒரு வதந்தி நிலைத்தது ஏன்?

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. தென் மாவட்டங்களில் ‘மங்கம்மாள் சாலை’ என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. ஆனால் ராணி மங்கம்மாள் என்றதும் பலர் முதலில் கேட்பது, “அந்த அமைச்சர் விஷயம் உண்மையா?” என்றுதான்.

யார் இந்த மங்கம்மாள்?

மதுரை சொக்கநாத நாயக்கரின் மனைவி. மகன் 1689-ல் பெரியம்மையில் இறந்தார். மருமகளும் பிள்ளை பெற்ற சில நாட்களில் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதன் பெயரில் 1706 வரை பாட்டிதான் ஆண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்குக் கப்பம் கட்டிப் போரைத் தவிர்த்தார். கப்பம் தராத திருவிதாங்கூர் மீது தளவாய் நரசப்பையாவை அனுப்பி வசூலித்தார்.

வதந்தி என்ன?

பேரன் வளர்ந்த பிறகும் ராணி அதிகாரத்தை விடவில்லை, அதற்குக் காரணம் அமைச்சர் அச்சையாவுடனான உறவு என்பது கதை. கடைசியில் அவரைச் சிறைவைத்து, கண்ணெதிரே சாப்பாட்டை வைத்தே பட்டினி போட்டுக் கொன்றார்களாம். 1906-ல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரிலும் இது செவிவழிக் கதையாக ஏறிவிட்டது.

அவர் செய்த நல்லதும் தப்பவில்லை. மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டார், அதற்குப் பரிகாரமாகத்தான் சாலையும் சத்திரமும் கட்டினார் என்று இன்னொரு கதை. ஓர் அரசி திட்டம் போட்டுச் சாலை போட்டார் என்று சொல்ல மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

ஆண்களுக்கு என்ன அளவுகோல்?

மங்கம்மாளின் படையைத் தோற்கடித்த ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தார். அவரோடு 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக அக்காலப் பாதிரியார் கடிதம் சொல்கிறது. அதை யாரும் அவருடைய ‘அந்தரங்கம்’ என்று பேசுவதில்லை. அவர் வீரர், அவ்வளவுதான். 47 மனைவியர் ஒருவருக்கு அந்தஸ்து. ஒரு கைம்பெண் அமைச்சரோடு ஆலோசனை செய்தால் அது வம்பு.

இப்போது எதற்கு இந்தக் கதை?

பதவியில் இருக்கும் பெண்ணை எதிர்க்க அவருடைய முடிவுகளை அலச வேண்டியதில்லை, நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கசியவிட்டால் போதும். அச்சையா கதை உண்மையா, பொய்யா என்று இனி நிரூபிப்பது கடினம். ஆனால் ஆபீஸில் ஒரு பெண்ணுக்கு புரமோஷன் வந்ததும் “யாரைப் பிடிச்சாங்க?” என்று கேட்பவர், அதே கதையைத்தான் புதுசாக எழுதிக்கொண்டிருக்கிறார்.